வக்கீல் வீட்டு மதில்

மதில் இடிக்க வேறு நாளே கிடைக்கவில்லையா இந்தச் சுகிர்தபாய்க்கு?

பாறசாலை வக்கீல் ஜெயசிங்குக்குப் பெண்டாட்டிமேல் எரிச்சல் உச்சந்தலைக்கு ஏறியது. இன்னும் மூன்றே வாரம். நெய்யாற்றின்கரை ஃப்ரீமேசன் ரகசியச் சங்கத்தின் தலைவர் நாற்காலியில் அவர் உட்காரப் போகிறார். உட்காருவது ஒன்றும் பெரிய காரியம் இல்லை. அதற்கு முன், கொத்தனின் ஆறு கருவிகளும் மனிதனுக்கு என்ன கற்றுத் தருகின்றன என்று சபை நடுவே இங்கிலீஷில் ஒப்பிக்க வேண்டும். எழுதி வைக்கக் கூடாது. எல்லாம் ரகசியம்.

அவருக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தவர் போன வருஷத் தலைவர் டாக்டர் மோகனன். மலையாளி. ‘தமிழனுக்கா இந்த வருஷம் நாற்காலி?’ என்று சங்கத்தில் நாலு பேர் முணுமுணுத்தபோது, ஜெயசிங் ஒரு சொல் தப்பாமல் சொல்லுவார், அதற்கு நான் ஜாமீன் என்று எழுந்து நின்ற மனுஷன். தப்பினால் மானம் போவது அவருக்கும் சேர்த்துத்தான்.

அந்த நேரம் பார்த்தா, தமிழ்த் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லி எல்லைப் போராட்டம் மூள வேண்டும்? ஊர்வலம், போலீஸ், தடை உத்தரவு. பஸ்ஸும் இல்லை. டாக்டரின் வரவு நின்றுபோயிற்று.

ஜெயசிங் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு தனியே ஒப்பித்தார். அளவுகோல், சுத்தியல், உளி வரைக்கும் தடங்கலில்லாமல் ஓடும். அப்புறம் நின்றுவிடும். மறுபடி முதலிலிருந்து. மறுபடி உளியில் நின்றுவிடும். சனியன் பிடித்த உளி!

ராப்பகலாய் என்ன அது என்று ஒருநாள் சுகிர்தபாய் கேட்டதற்கு வள்ளென்று விழுந்தார்.

“பொம்பளைங்ககிட்டச் சொல்லப்பிடாது. சத்தியம் செய்திருக்கேன். ஒங்க வாயில ரகசியம் தங்குமா?”

கல்யாணத்துக்கு முன் மிஷன் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சராக இருந்தவள். அடுக்களைக்குப் போய்விட்டாள்.

மறுநாள் விடிந்ததும் கடப்பாரைச் சத்தம். சன்னலுக்கு எதிரே இருந்த மதிலைக் கொத்தனார் ரெத்தினதாஸ் இடித்துக்கொண்டிருந்தார்.

நாடே அல்லோலகல்லோலப்படுகிறது, இப்போது மதில் ஒரு கேடா என்று ஜெயசிங் குதித்தார். மழையில் விழுந்துவிடும் என்றாள் அவள், அவ்வளவுதான்.

அன்றிலிருந்து தினமும் தட்டலும் கொட்டலும். வீட்டைச் சுற்றி இவ்வளவு இடம் கிடக்க, கொத்தனார் தன் சாமான்களை எல்லாம் அவருடைய சன்னல் திண்டில்தான் பரப்பி வைப்பார். அவள் வேறு காலையும் மாலையும் வந்து நின்று அதிகாரம். எத்தனை தடவை சத்தம் போட்டும் பலனில்லை.

ஆனால் ஒரு விசித்திரம். பாடம் மறந்து நிற்பார். கொத்தனாரைத் திட்டலாம் என்று கோபமாய்ச் சன்னல் பக்கம் திரும்புவார். உடனே அடுத்த வாக்கியம் நாக்கில் வந்து நிற்கும். கோபப்பட்டால் தனக்கு ஞாபகசக்தி கூடுகிறது என்று அவரே தன்னை மெச்சிக்கொண்டார். மூன்றாவது வாரம் சன்னல் பக்கம் திரும்பாமலே ஆறும் வந்தன.

தடை உத்தரவு கொஞ்சம் தளர்ந்து, சபையும் கூடியது. ஜெயசிங் ஒரு சொல் தப்பவில்லை. முணுமுணுத்த நாலு பேரும் எழுந்து வந்து கை குலுக்கினார்கள். நன்றியுரையில் டாக்டர் மோகனனைப் பற்றிப் பேசும்போது அவருக்குக் குரல் தழுதழுத்துவிட்டது.

டாக்டருக்கோ ஆச்சரியம். மூன்று வாரமாய் நான் வரவே இல்லையே, யார் சொல்லித் தந்தது என்று கேட்டார்.

“யாருமில்ல டாக்டர். எல்லாம் சொந்த முயற்சியாக்கும்” என்றார் ஜெயசிங்.

மறுநாள் காலை, சாமான்களை எடுத்துப் போக ரெத்தினதாஸ் வந்தார். ஜெயசிங்குக்கு நல்ல குஷி. மதில் இனிமேல் விழாதே என்று சிரித்தபடி கேட்டார்.

கொத்தனார் தலையைச் சொறிந்தார்.

“அது முந்தியும் விழாது வக்கீலே. நல்ல மதிலாக்கும். அம்மா இடிக்கச் சொன்னா, இடிச்சேன். அந்தக் கல்லையே திரும்ப வச்சுக் கெட்டினேன். ஆனா, உளிக்கு அப்புறம் மூலைமட்டம், ரசமட்டம், தூக்குக்குண்டுன்னு வரிசை மாறாம சன்னல்ல வைக்கணும்னு தெனமும் எனக்குப் பாடம் நடத்தினா பாருங்க, அதுதான் எதுக்குன்னு வெளங்கல்ல.”

ஜெயசிங்குக்கு முகம் செத்துப்போயிற்று. மெல்ல அடுக்களைக்குப் போனார். சுகிர்தபாய் தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள்.

“எல்லாத்தையும் கேட்டியா?”

“கதவு பழசு. டாக்டரும் நீங்களும் சொல்லுறது எல்லாம் இஞ்ச கேக்கும்.”

ஜெயசிங் குரலைத் தாழ்த்தினார். “வேற யார்ட்டயாவது சொன்னியா?”

அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“ஒருத்தர்ட்டயும் சொல்லல்ல. ஒங்ககிட்டகூட.”