பதினாறு பக்கத்திலும் இல்லாத வரி

"இதை எழுதினவன் மட்டும் என் கையில கிடைக்கட்டும். என் பஸ்ஸுல ஏத்திக்கிட்டுப் போய், உறைஞ்ச ஏரிக்கு நடுவுல இறக்கிவிட்டுட்டு வந்துடுவேன்" என்றாள் பெர்னீஸ்.

அவள் கையில் இருந்தது, மருத்துவமனை கொடுத்தனுப்பிய கையேடு. 'உங்கள் புதிய மூட்டு' என்று தலைப்பு. மொத்தம் பதினாறு பக்கம்.

அறையை இரண்டாகப் பிரித்த துணித்திரைக்கு அந்தப் பக்கத்துக் கட்டிலில் சத்தமே இல்லை. கிரெட்சன் என்கிற அந்த அம்மாள் இடுப்பு மூட்டை மாற்றிக்கொண்டு இந்த மறுவாழ்வு இல்லத்துக்கு வந்து நாலு நாளாகிறது. சுவரைப் பார்த்துப் படுத்தவள் படுத்தவள்தான். பேரைத் தவிர வேறு ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வரவில்லை.

"தையல் நனையக் கூடாதாம், போட்டிருக்கான். கக்கூஸ் எத்தனை அங்குல உயரம் இருக்கணும்னுகூடப் போட்டிருக்கான். காலையில ஓட்ஸ் கஞ்சியைப் பார்த்ததும் எதுக்குன்னே தெரியாம அழுகை வருதே, அது எந்தப் பக்கத்துல இருக்கு?"

பெர்னீஸ் அமெரிக்காவின் டுலூத் நகரில் இருபத்தாறு வருஷமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். கண்ணாடி வழியாக ஒரு முறை முறைத்தால் அறுபது பிள்ளைகளும் வாயை மூடும். முழங்கால் மூட்டை மாற்றி ஒன்பது நாளில் அந்த முறைப்பு எங்கேயோ தொலைந்துவிட்டது. மூன்று நாளாக உடற்பயிற்சி அறைக்கே வர மாட்டேன் என்று சாதித்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை அந்த அறையிலிருக்கும் நாலு மரப்படியை ஏறி இறங்கிக் காட்ட வேண்டும். காட்டினால் வீடு. இல்லையென்றால் மேல்மாடி, நெடுநாள் பராமரிப்புப் பிரிவு. அங்கே போனவர்கள் திரும்பி இறங்கி வந்ததாக அவள் கேள்விப்பட்டதே இல்லை. இன்று புதன்.

"என் டாக்டர் நாலு நிமிஷம் நின்னான். 'ஆறு வாரத்துல பஸ் ஓட்டலாம்'னான். போயிட்டான். அதுலயும் மூணு நிமிஷம் கடிகாரத்தைத்தான் பார்த்தான்."

"வெளியே இருபது பேர் காத்துக்கிட்டு இருப்பாங்க" என்றது திரை.

"அடடே, பேச்சு வருமா உனக்கு? அவனுக்கு ஒண்ணும் வக்காலத்து வாங்க வேண்டாம். நீயும்தானே நேத்து பூரா அழுதே? கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். அதுவரைக்கும் எனக்கு மட்டும்தான் மறை கழண்டுபோச்சுன்னு நினைச்சிருந்தேன்."

அந்தப் பக்கம் கட்டில் கிறீச்சிட்டது. பிறகு, "நானும்தான்" என்றாள் கிரெட்சன். "எனக்கு மட்டும்தான்னு."

பெர்னீஸுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. ஒரே அறையில் இரண்டு பேர், நடுவில் ஒரு துணி, தனக்கு மட்டும்தான் பைத்தியம் என்று ஆளாளுக்கு நினைத்துக்கொண்டு நாலு நாள் தனித்தனியாக அழுதிருக்கிறார்கள். கைத்தடியை நீட்டித் திரையை ஒதுக்கினாள்.

"எழுந்திரு அம்மணி. என் பஸ்ஸுல கடைசி சீட்டுல படுத்துக்கிட்டு யாரும் வர முடியாது."

உடற்பயிற்சி அறையில் மாய் என்ற பயிற்சியாளர் இருவரையும் சேர்த்துப் பார்த்ததும் கண்ணை அகலத் திறந்தாள். கிரெட்சன் கைப்பிடியைப் பற்றி, அறுவை நடந்த காலை முதல் படியில் வைத்தாள். உடம்பு ஆட்டம் கண்டது.

"நல்ல கால் முதல்ல" என்று தாங்கிப் பிடித்தாள் மாய். "நல்லவங்க சொர்க்கத்துக்கு, கெட்டவங்க நரகத்துக்கு. ஏறுறப்போ நல்ல கால், இறங்குறப்போ கெட்ட கால்."

"ஒன்பதாம் பக்கத்துல கொட்டை எழுத்துல போட்டிருக்கு. நீ படிக்கலையா?" என்றாள் பெர்னீஸ்.

கிரெட்சனுக்கு வேர்த்துக் கொட்டியது. "நூறு தடவை படிச்சிருக்கேன். ஏறிப் பார்த்ததில்ல."

மாய் ஏனோ சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"தள்ளு. எப்படின்னு நான் காட்டறேன்" என்று பெர்னீஸ் கைப்பிடியைப் பிடித்தாள். மற்றவளுக்குக் காட்டுகிற மும்முரத்தில், ஏற மாட்டேன் என்று தான் சாதித்துக்கொண்டிருந்ததே மறந்துபோனது. இரண்டு படி.

வியாழன் காலையில் இருவரும் ஒருமூச்சு அழுதார்கள். இந்தமுறை திரை இல்லை. மத்தியானம் மூன்று படி.

வெள்ளிக்கிழமை பெர்னீஸ் நாலு படியும் ஏறினாள், இறங்கினாள், யாரும் கேட்காமலே திரும்ப ஏறினாள். உச்சியில் நின்று, "எல்லாரும் உட்காருங்க, வண்டி கிளம்புது" என்று குரல் கொடுத்தாள். பழைய குரல். சக்கர நாற்காலியில் இருந்த கிழவர்கள் கைதட்டினார்கள். பின்னாலேயே கிரெட்சன், நல்ல காலை முதலில் வைத்து.

பெட்டி கட்டும்போது கிரெட்சன் பெர்னீஸிடமிருந்து கையேட்டையும் ஒரு பேனாவையும் வாங்கிக்கொண்டாள். பதினாறாம் பக்கத்தின் அடியில் எழுதினாள்:

'மூட்டு மாற்றிய பிறகு பலருக்கு மனம் துவண்டுபோகும். காரணமில்லாமல் அழுகை வரும். உங்களுக்குப் பைத்தியம் இல்லை. மறைக்காமல் சொல்லுங்கள், உதவி கேளுங்கள். பக்கத்துக் கட்டில்காரரிடமும் கேளுங்கள்.'

பெர்னீஸ் இரண்டு தரம் படித்தாள். "நல்லாத்தான் எழுதியிருக்கே. ஆனா இதை எழுதின அந்த மகராசன் காதுல இது ஏறணுமே? அவன் எங்க அச்சுல போடப் போறான்?"

"அவன் இல்ல, அவ" என்று கிரெட்சன் கையேட்டைத் திருப்பி, அட்டையின் அடியில் யாரும் படிக்காத பொடி எழுத்தில் விரலை வைத்தாள்: 'எழுதியவர்: டாக்டர் கிரெட்சன் ஹால்வர்சன், தலைமை மூட்டு அறுவை நிபுணர்.'

"ஏரிக்கு பஸ் எத்தனை மணிக்கு?" என்று கேட்டாள்.