மேட்டில் நிற்பவன்

1976 ஜூலைச் சனிக்கிழமை. ஜூலையில் குளிர்காலம் வருகிற இந்தத் தெற்கு நாட்டில், டண்டினொங் மைதானத்தில் வெயில் சரிந்து கிடக்கிறது. இந்தப் பருவத்தில் ஒரு ஆட்டமும் வெல்லாத பேஸ்போல் அணிக்காக இன்னமும் வாங்கில் உட்கார்ந்திருக்கும் சிலரில் தவமலரும் ஒருத்தி. கோட்டுக்கு மேலே சால்வை, மடியில் ஆறிப்போன தேத்தண்ணி. நடு மேட்டில் நின்று பந்தெறிகிற கீத், அவள் வேலை செய்யும் பிஸ்கற் தொழிற்சாலையில் பெட்டி ஏற்றுகிறவன். அவனுடைய வலது தோள் இறங்கிவிட்டது. எறிகிற பந்து மண்ணில் குத்தி உருள்கிறது. "கை களைச்சுப் போச்சு. ஆளை மாத்தினால் என்ன?" என்கிறாள். பக்கத்தில் கணவன் குலவீரசிங்கம் குளிரில் கைகளை உரசிக்கொள்கிறான். "இண்டைக்கும் தோக்கப்போகினம். எழும்பும், போவம்." "நீங்கள் போங்கோ. அவன் நிக்கிறான், நான் எப்பிடி வாறது?" பயிற்சியாளர் மேட்டுக்கு நடந்து வந்து, பந்தைத் தரச் சொல்லிக் கையை நீட்டுகிறார். கீத் பந்தை இறுகப் பிடித்தபடி மாட்டேன் என்று தலையசைக்கிறான். அவர் தோளைக் குலுக்கிவிட்டுத் திரும்பிப் போகிறார். அடுத்த பந்து மட்டையில் பட்டு வெடிக்கிறது. வேலிக்கு அப்பால் பறக்கும் பந்தின் பின்னே எல்லாத் தலைகளும் திரும்புகின்றன, குலவீரசிங்கத்தின் தலையும். தவமலர் எறிந்தவனையே பார்க்கிறாள். அவன் திரும்பவில்லை. காலடி மண்ணைச் சப்பாத்தால் சமப்படுத்திவிட்டு, அடுத்த பந்துக்காகக் கையுறையை நீட்டிக்கொண்டு நிற்கிறான்.