புத்தகத்தில் இருந்த கை

தேயிலை மலையில் வடிகால் கான் வெட்டும்போது கிடைத்த பழைய தோட்டா எந்தப் பட்டாளத்துடையது என்று தெரியாமல் கணேசமூர்த்திக்கு மூன்று நாளாக இருப்புக் கொள்ளவில்லை. கடைசியில் 1953இல் அச்சான ஒரு புத்தகத்தைப் போனில் தேடிப் பிடித்தான். அதில் ஒரு படத்தில் அதே தோட்டா, அடியில் அதே எண், பக்கத்தில் அதே கீறல். அதை ஏந்தியிருந்த பெண்ணின் கட்டைவிரலில் புள்ளி போட்ட துணி சுற்றியிருந்தது. அடுத்த படத்தில் வெடித்துப் பிளந்த தோட்டாவும் அந்தத் துணியும் மட்டும் தரையில் கிடந்தன.

பகலில் பறித்த கொழுந்தை எடை போட்டுவிட்டு மனைவி வேலாயி லயத்து வீட்டுக்கு வந்தாள். "கம்பு கிழிச்சிருச்சுங்க" என்று பழைய புள்ளிச் சட்டையைக் கிழித்துக் கட்டைவிரலில் சுற்றிக்கொண்டாள்.

அவன் அவசரமாகப் பெட்டியைத் திறந்தான். தோட்டா இல்லை.

"எதைத் தேடுறீங்க? எங்கிட்டத்தான் இருக்கு. நல்லா ஒரு படம் புடிங்க" என்று வேலாயி கையை விரித்தாள்.