தூக்கத்துக்குக் கடைசி விலை

“சோம்பேறித்தனத்துக்கு ஒரு டானிக் எழுதிக் குடுங்க டாக்டரம்மா. எம்புட்டுக் கசந்தாலும் குடிக்க வச்சிர்றேன்.”

ஆண்டிச்சாமி பக்கத்தில் கையைக் காட்டினார். மகள் அன்னக்கொடி நாற்காலியில் உட்கார்ந்தபடியே அவர் தோளில் சாய்ந்து உறங்கிக்கொண்டிருந்தாள்.

சடங்கு சுற்றியதிலிருந்து இதே கூத்து. பெரிய மனுஷி ஆன பெண் விடியுமுன் எழுந்து வாசல் தெளிக்க வேண்டும் என்பது அவர் வீட்டுச் சட்டம். நாலு மணிக்கு எழுப்பிவிட்டால் கோலத்தைப் போட்டுவிட்டு, பள்ளிக்கூடத்தில் போய்த் தூங்குகிறாள். டீச்சர் கூப்பிட்டுக் கண்டித்தாயிற்று. இனியும் தூங்கினால் படிப்பை நிறுத்திவிடுவதென்று அவரும் சொல்லியாயிற்று.

என்ன தொழில் என்று டாக்டரம்மா கேட்டார்.

“காளவாசல் கடைவீதியில இலவம்பஞ்சு மெத்தைக்கடைங்க. ஊரையே தூங்க வைக்கிறேன். வீட்டுல ஒருத்தி தூங்குனா மட்டும் எனக்கு வயிறு எரியுது. என்ன பொழப்போ போங்க.”

டாக்டரம்மா சிரித்துக்கொண்டே, பெண்ணிடம் தனியாகப் பேச வேண்டும் என்று அவரை வெளியே அனுப்பினார். திரும்பக் கூப்பிட்டபோது அன்னக்கொடி முழித்திருந்தாள்.

இது சோம்பல் இல்லை என்றார் டாக்டரம்மா. இந்த வயதில் பெண் பிள்ளைகள் அசந்து தூங்கும்போதுதான் உடம்பில் ஹார்மோன் நன்றாகச் சுரக்கும். வளர்த்தியும் மாதவிலக்கு ஒழுங்குக்கு வருவதும் அதை நம்பித்தான். தூக்கத்தைப் பிடுங்கினால் உடம்பும் கெடும், படிப்பும் கெடும்.

“எம்புட்டு நேரம் தூங்கணுங்க?”

“பன்னெண்டு மணி நேரம்.”

ஆண்டிச்சாமியின் வியாபார நாக்கு தானாக எழுந்துகொண்டது. “அநியாயம்ங்க. ஆறு வச்சுக்கங்க.”

“பதினொன்னு.”

இவர் ஏழு என்றார், டாக்டரம்மா பத்து என்றார். தன் கடையில் வாடிக்கையாளர்கள் காட்டும் அதே வித்தையாக, வேண்டாம் என்று எழுந்து வாசல் வரை போனார். யாரும் கூப்பிடவில்லை. செருப்பைத் தேடுவதுபோல் பாவனை செய்துவிட்டுத் தானே திரும்பி வந்து உட்கார்ந்தார்.

“சரி, கடைசியா சொல்லுங்க.”

“ஒம்பது. அதுக்குக் கீழ கட்டுப்படியாகாது.”

படித்த வாயில் கடைவீதிச் சொல்லைக் கேட்டதும் அவருக்கு மனம் குளிர்ந்துவிட்டது. ஒன்பதுக்கே முடித்தார். விடியுமுன் வாசல் தெளிப்பது யார் என்ற கேள்வி வந்தது. முடித்த வியாபாரத்தை முறிப்பது வழக்கமில்லாததால், அதையும் தன் தலையிலேயே போட்டுக்கொண்டார்.

பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது மீசையைத் தடவினார்.

“பாத்தியாத்தா? பன்னெண்டுல நின்ன பொம்பளைய ஒம்பதுக்கு இறக்கிட்டேன். டாக்டருக்குப் படிச்சா மட்டும் பேரம் பேச வந்துருமா?”

அன்னக்கொடி கொட்டாவியை அடக்கிக்கொண்டாள்.

“ஒம்பதுதாம்ப்பா வேணுமாம். ‘எங்கப்பா பாதியில இருந்து கேப்பாரு, பன்னெண்டுல ஆரம்பிங்க’ன்னு நாந்தான் சொன்னேன். அந்தக் ‘கட்டுப்படியாகாது’ மட்டும் அவங்களுக்கு வாயில நுழையல. திரும்பத் திரும்பச் சொல்லிக் குடுத்தேன்.”