உரம் போடாத பாத்தி

மலைச்சரிவில் பார்லி விதைத்த மூன்று பாத்திகள் அடுத்தடுத்து இருந்தன. எவ்வளவு உரம் போட்டால் போதும் என்று கண்டுபிடிக்க வந்த ஆராய்ச்சிக்காரர் முதல் பாத்திக்கு இரண்டு பிடி போட்டார். நடுப்பாத்திக்கு ஐந்து பிடி. ஓரப்பாத்தியைத் தாண்டிப் போய்விட்டார்.

"மறந்திருப்பார். அடுத்த தடவை போடுவார்," என்றது ஓரப்பாத்தி.

அடுத்த தடவையும் தாண்டித்தான் போனார்.

"அக்கா, நான் ஏதாவது தப்பு செஞ்சேனா?" என்று அது நடுப்பாத்தியைக் கேட்டது. இடுப்பளவு வளர்ந்து கொழுத்து நின்ற நடுப்பாத்தி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிறகு ஒரு மழைக்காற்றில் அதன் பயிர் மொத்தமும் சாய்ந்து மண்ணில் படுத்தது. ஓரப்பாத்தி முதல் பாத்தியிடமும் அதையே கேட்டது.

"எனக்கென்ன தெரியும்? எனக்கு வேண்டியது கிடைச்சுது," என்றது கதிர் கனத்து நின்ற முதல் பாத்தி.

அறுவடையன்று ஆராய்ச்சிக்காரர் ஓரப்பாத்தியிடம்தான் முதலில் வந்தார். மண்டியிட்டு உட்கார்ந்து, முழங்கால் உயரம்கூட வராமல் சூம்பிப்போன அந்தப் பயிரை ஒவ்வொரு கதிராகத் தொட்டு எண்ணினார். அவ்வளவு நேரம் அவர் வேறெந்தப் பாத்தியிலும் உட்கார்ந்ததில்லை. ஓரப்பாத்திக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

"இது இல்லைன்னா உரத்தால என்ன கூடுச்சுன்னு எனக்குத் தெரிஞ்சே இருக்காது," என்று கூட வந்தவரிடம் சொன்னார். "அடுத்த வருஷமும் இதுக்கு ஒண்ணும் போட்டுடாதீங்க."

எல்லோரும் மலையிறங்கிப் போனார்கள். பனி விழத் தொடங்கியது.

"இது இல்லைன்னா... இது இல்லைன்னா..." என்று ஓரப்பாத்தி தனக்குள் சொல்லிக்கொண்டே கிடந்தது. அவர் சொன்னதில் அந்த முதல் இரண்டு சொல்லை மட்டும்தான் அது வைத்துக்கொண்டது.