எதிர்க்கடை நாற்காலி

பிரான்சின் மேற்குக் கரையில், துறைமுகத்துக்கு இறங்கும் தெருவில் எதிரெதிரே இரண்டு காபிக்கடைகள். ஒன்று ஓதிலுடையது, மற்றது ஜினெத்துடையது. ஊர் வழக்கப்படி இரண்டிலும் வாசல் நாற்காலிகள் கடைக்கு முதுகைக் காட்டி, தெருவைப் பார்த்தே கிடக்கும்.

கரை திரும்பும் ஒவ்வொரு படகுக்கும் எழுந்து நின்று, கடலைப் பார்த்துக் கொம்பு ஊதுவார் கிழவர் அர்மான். ஊருக்கே செல்லம். அவர் வருடக்கணக்காக ஜினெத் கடையில்தான் உட்காருகிறார். புருஷன் போனபின் தனியாகக் கடை நடத்தும் ஓதிலுக்கு வயிறு எரியாமல் என்ன செய்யும்?

"அப்படி என்னத்தடி ஊத்திக் குடுக்கறே அவருக்கு?" என்று தெரு தாண்டிக் கத்தினாள்.

"ஆறின காபிதான். உனக்கு ஏன்டி சுடுது?" என்று சிரித்தாள் ஜினெத்.

மறுநாள் ஓதில் வெண்ணெய்க் கேக் சுட்டாள், உதட்டுக்குச் சாயம் பூசினாள். நேரே போய் அர்மானைக் கைபிடித்து இழுத்துவந்து தன் வாசலில் உட்காரவைத்தாள்.

அவர் கேக்கைத் தொடவில்லை. படகு வந்தது, கொம்பையும் எடுக்கவில்லை. எதிர்க்கடையையே வெறித்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் அவ நெனப்புத்தானா? போங்க, அங்கயே போங்க!" ஓதிலுக்குக் குரல் உடைந்தது.

"போகத்தான் வேணும் ஓதில். இங்க உக்காந்தா ஜினெத் மூஞ்சிதான் தெரியுது. அங்க உக்காந்தாத்தானே உன்னைப் பாக்கலாம்?"

ஓதில் அவரை எழுப்பி, நாற்காலியைத் தூக்கித் தன் கடையைப் பார்க்கத் திருப்பிப் போட்டாள்.

"தெருவுக்கு முதுகு காட்டி நாற்காலி போடறியே, பைத்தியமாடி உனக்கு?" என்று எதிரே ஜினெத் கத்தினாள்.

அடுத்த படகு வந்தபோது அர்மான் எழுந்திருக்கவில்லை, கடல் பக்கம் திரும்பவுமில்லை. ஓதிலைப் பார்த்தபடியே கொம்பை ஊதினார்.