டீ இன்னும் வரலை

மெட்ராஸ் கப்பலில் வந்த புது நாவலை நண்பர்கள் மூவரும் கைமாற்றிப் படித்து முடித்திருந்தார்கள். ஞாயிறு மாலை, சிராங்கூன் ரோட்டில் சிதம்பரநாதன் குடியிருந்த கடைவீட்டு மாடியில் விவாதம் நடந்தது.

"அந்த வக்கீல் எதுக்கு வர்றாருன்னே புரியலை," என்றார் நாகூர் கனி.

"இருங்க, டீ என்னாச்சுன்னு பார்த்துட்டு வரேன்."

சமையலறைக்குள் போன சிதம்பரநாதன் திரும்பி வந்து நிதானமாக உட்கார்ந்தார். "வக்கீலைக் கண்டதும்தான் புருஷன் நடுங்குறான். அவன் கோழைன்னு அதுவரைக்கும் நமக்கே தெரியாதே!"

"அடடா!" என்றார் வைரப்பன். "எப்படி லா இப்படி யோசிக்கிறீங்க? வீட்டம்மாவும் நாவல் படிப்பாங்களா?"

"பூவம்மாவா? அவளுக்கு இதெல்லாம் எங்கே புரியப் போவுது!"

மூவரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் கனி கேட்டார். "சரி, புருஷன் நாலு பேர் முன்னாடி அத்தனை மட்டம் தட்டியும் அவ ஏன் கடைசி வரைக்கும் வாயே திறக்கலை?"

சிதம்பரநாதன் மறுபடி எழுந்தார். "டீ இன்னும் வரலையே..."

சமையலறையில் டீ எப்போதோ தயாராகி ஆடை படிந்திருந்தது. அரிசி டின் மேல் அந்த நாவல் கவிழ்ந்து கிடந்தது. சிதம்பரநாதன் மனைவியிடம் குரலைத் தாழ்த்தினார்.

"அவ ஏன் வாயைத் திறக்கலையாம்? சீக்கிரம் சொல்லு. வக்கீலைப் பத்திச் சொன்ன மாதிரியே நச்சுன்னு இருக்கணும்."

பூவம்மா டீத்தட்டை அவர் கையில் கொடுத்தாள்.

"தெரியலைன்னு சொல்லுங்க. அது ஒண்ணாவது உங்க சொந்தப் பதிலா இருக்கட்டும்."